எந்த ஹெலிகாப்டர் அது?

2023 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தென்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையில் தாமிரபரணி கரை மீறியது. தூத்துக்குடி மாவட்டத்தில் பல ஊர்கள் தீவுகளாயின. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சேர்ந்து பயணிகளும் சிக்கிக்கொண்டார்கள். உணவுப் பொட்டலங்களோடு அவர்கள் தலைக்கு மேலே வந்து நின்ற ஹெலிகாப்டர்களில், கோவைக்குப் பக்கத்திலுள்ள சூலூர் விமானப்படைத் தளத்தின் எம்ஐ-17 வி5 ரகமும் ஒன்று.

அந்த ஹெலிகாப்டரைப் பிளாஸ்டிக்கில் செய்து மேசைமேல் வைத்துக்கொள்ள ஒருவருக்கு ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எம்ஐ-17 குடும்பத்துக்குக் கிட் கிடைப்பதில் சிரமம் இல்லை. ரஷ்யாவின் ஸ்வெஸ்தா நிறுவனம் 72-ல் ஒரு பங்கு அளவில் விற்கிறது. சீனாவின் டிரம்பீட்டர் 35-ல் ஒரு பங்கு அளவில் விற்கிறது. பெட்டியைத் திறந்தால் சட்டகத்தோடு ஒட்டிய பாகங்கள், கட்டும் முறையை விளக்கும் தாள், அடையாளங்கள் அச்சிட்ட இன்னொரு சிறிய தாள். அந்தச் சிறிய தாளில் பெரும்பாலும் சிவப்பு நட்சத்திரமும் ரஷ்ய எழுத்துகளும்தான் இருக்கும். காவி, வெள்ளை, பச்சை வட்டத்தைத் தேடினால் கிடைக்காது.

எம்ஐ-8, எம்ஐ-17 குடும்பத்தில் இதுவரை 12,000-க்கும் மேற்பட்ட ஹெலிகாப்டர்கள் உருவாகியிருக்கின்றன. கிட் தருவது அந்த ரகத்தின் உருவத்தை மட்டும். அவற்றில் எது இது, எந்த நாட்டுடையது, எந்தப் பிரிவைச் சேர்ந்தது, எந்த ஆண்டில் பறந்தது என்பதையெல்லாம் சொல்வது அந்தச் சிறிய தாளில் இருக்கும் டீகால். கிட்டோடு வராமல், வேறு சிறு நிறுவனங்கள் தனியாக அச்சிட்டு விற்கும் டீகால் தாள்கள் மாடல் கட்டுவோர் உலகில் ஒரு தனித்தொழில். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஸ்டிக்கர் வியாபாரம். உள்ளே போனால், அது பாதி அச்சுக்கலை, பாதி வரலாற்று ஆராய்ச்சி.

நான்கு அடுக்கு

நம் வீட்டுப் பழைய தையல் மெஷினின் கறுப்பு உடம்பில் தங்க நிறப் பூவேலை இருக்கும். அது தூரிகையால் வரைந்ததல்ல, டீகால்தான். பழைய சைக்கிள்களின் சட்டத்தில் இருந்த கம்பெனி முத்திரையும் அதே வகை. முதுகில் பசை தடவிய சாதாரண ஸ்டிக்கருக்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு தடிமன்.

டீகாலில் அடியில் இருப்பது தண்ணீரை உறிஞ்சும் தாள். அதன்மேல் மாவுச்சத்திலிருந்து எடுக்கும் டெக்ஸ்ட்ரின் என்ற பசை. அதற்கு மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய லாக்கர் படலம். உச்சியில் மை. தாளைத் தண்ணீரில் நனைத்தால் பசை கரைந்து, மையைச் சுமந்த படலம் மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கரைந்த பசையில் மிச்சமிருப்பதே அதை மாடலின்மேல் பிடித்துவைக்கும்.

தடிமனுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஒரு கணக்குப் போட்டால் புரியும். படலமும் மையும் சேர்ந்து 0.02 மி.மீ. என்று வையுங்கள். 72 மடங்கு பெருக்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ. ஆகும். அசல் ஹெலிகாப்டரின் உடம்பில் ஒன்றரை மி.மீ. தகட்டை வெட்டி ஒட்டினால் எப்படித் துருத்தும்? மாடலிலும் கண்ணுக்கு அப்படித்தான் படும். அசலில் அந்த அடையாளம் வெறும் பெயின்ட். அதனால் நல்ல டீகால் தயாரிப்பாளர்கள் எல்லோரும் படலத்தை மெல்லியதாக்கவே போராடுகிறார்கள். இத்தாலியின் கார்ட்டோகிராஃப் அச்சகத்துக்கு இந்த உலகில் இருக்கும் பெயருக்கு அதுவே காரணம். கிட் பெட்டியின்மேல் அந்த அச்சகத்தின் பெயரைப் போட்டே விற்கும் நிறுவனங்கள் உண்டு.

72 எங்கிருந்து வந்தது?

இந்த விசித்திரமான எண்ணுக்குப் பின்னால் அடிக்கணக்கு இருக்கிறது. 72-ல் ஒரு பங்கு என்றால் அசலின் 6 அடி, மாடலில் 1 அங்குலம். 48-ல் ஒரு பங்கு என்றால் ஒவ்வோர் அடிக்கும் கால் அங்குலம். 1936-இல் பிரிட்டனின் ஃப்ராக் நிறுவனம் இந்த 72 அளவில் பிளாஸ்டிக் கிட்டுகளைக் கொண்டுவந்தது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, தன் வீரர்களுக்கு நட்பு விமானத்தையும் எதிரி விமானத்தையும் பிரித்தறியக் கற்றுக்கொடுக்க, பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மர மாடல்கள் கேட்டது. அவையும் இதே அளவு.

எம்ஐ-17-இன் மேல் விசிறி விட்டம் 21.29 மீட்டர். 72 அளவில் அது 30 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. 35 அளவில் 61 செ.மீ. அலமாரியில் இடம் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான். டீகால் அச்சடிப்பவர் பார்க்கும் எண் வேறு. அசலில் 2 செ.மீ. உயரத்தில் எழுதியிருக்கும் எச்சரிக்கை வாசகம் 72 அளவில் 0.28 மி.மீ. அதையும் பூதக்கண்ணாடியில் படிக்கும்படி அச்சடித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள்.

காவி சிவந்தால் இத்தாலி

இந்திய விமானப்படையின் வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, மையத்தில் பச்சை. பார்க்க எளிது, அச்சடிக்கக் கடினம். காவி கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாய்ந்துவிட்டால் அது இத்தாலிய விமானப்படையின் சின்னமாகிவிடும். அவர்களுடையதும் வெளியிலிருந்து உள்ளே சிவப்பு, வெள்ளை, பச்சைதான்.

அடுத்த சிக்கல், மையின் ஒளி ஊடுருவும் தன்மை. கரும்பச்சை பூசிய ஹெலிகாப்டரின்மேல் காவி மையை அப்படியே ஒட்டினால் பழுப்பாகத் தெரியும். ஆகவே முதலில் வெள்ளை மையில் முழு வட்டம், அதன்மேல் காவி வளையம், பிறகு பச்சை என்று வரிசையாக அச்சிட வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறைதான் இது. ஆனால் இங்கே ஒரு நிறம் 0.1 மி.மீ. விலகினாலும் அசல் அளவில் அது 7 மி.மீ. ஓரத்தில் வெள்ளைக் கீற்று எட்டிப்பார்க்கும்.

வீட்டு இங்க்ஜெட்டிலும் லேசரிலும் டீகால் தாள் வைத்து அச்சடிக்க முடியும். கறுப்பு எண்கள் நன்றாக வரும். ஆனால் சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. மெழுகு போன்ற நாடாவால் வெள்ளையும் உலோக நிறங்களும் அச்சடித்த ஜப்பானின் ஆல்ப்ஸ் பிரிண்டர்கள் இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய ஆல்ப்ஸ் ஒன்றைப் பழுதுபார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டு சிறு அளவில் டீகால் விற்பவர்கள் இன்னமும் உண்டு.

எழுத்துகளிலும் வில்லங்கம் இருக்கிறது. இந்திய விமானப்படை ஹெலிகாப்டர்களின் வாலில் படையின் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தேவநாகரி படிக்கத் தெரியாதவர் கணினியில் அதை அமைத்தால், எழுத்துரு உடைந்து கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடமாக நிற்கும் நம் பழைய தமிழ் ஃபைல்களின் கதிதான். அச்சுக்கு முன்னால் மொழி தெரிந்த ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வால் விசிறி எந்தப் பக்கம்?

டீகால் தாளை வாங்கியதும் வேலை முடிந்துவிடாது. சின்னமும் உருவமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

1987 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்திய அமைதிப்படையினரை இறக்கியவை எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள். ஈழத்தில் அந்தக் காலத்தைக் கடந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தின் நினைவு வேறு. அலமாரியில் வைத்து ரசிக்கும் பொருளல்ல அது. வரலாற்றுக்காக அதை மாடலாகக் கட்டுபவர், எம்ஐ-17 கிட்டில் அந்த அடையாளங்களை ஒட்டினால் பிழை. எம்ஐ-8-க்கு வால் விசிறி வலப்பக்கம், எம்ஐ-17-க்கு இடப்பக்கம். பழைய கறுப்புவெள்ளைப் படத்தில் எண் மங்கியிருந்தாலும், வால் விசிறி இருக்கும் பக்கத்தைப் பார்த்தே ரகத்தைச் சொல்லிவிடலாம்.

தூத்துக்குடி வெள்ளத்தில் பறந்த எம்ஐ-17 வி5-க்கும் தனிக் குறிகள் உண்டு. அதன் மூக்கு டால்ஃபினின் மூக்கைப்போல நீண்டிருக்கும். பின்புறம் இரட்டைக் கதவுக்குப் பதிலாகக் கீழே இறங்கும் சரிவுப் பலகை. பழைய ரகக் கிட்டை வாங்கினால், இந்த இரண்டையும் டீகாலால் சரிக்கட்ட முடியாது. ரெசினில் வார்த்த மாற்றுப் பாகங்கள் தேவை.

காலக்கணக்கும் அப்படித்தான். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியச் சின்னத்தோடு குழம்பாமல் இருக்க, இந்தியாவில் பறந்த விமானங்களின் வட்டத்திலிருந்து சிவப்பை எடுத்தார்கள். விடுதலைக்குப் பின் சிறிது காலம் அசோகச் சக்கரம். இன்றைய மூவண்ண வட்டம் வந்தது 1950-இல். விமானப்படைக்கு முதல் ஹெலிகாப்டரான சிகோர்ஸ்கி எஸ்-55 வந்ததோ 1954-இல். ஆகவே அசோகச் சக்கர வட்டத்தோடு ஒரு விமானப்படை ஹெலிகாப்டர் மாடலைக் கண்டால், கட்டியவர் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

ஒட்டும் கலை

ஹெலிகாப்டரில் டீகால் ஒட்டுவது போர்விமானத்தில் ஒட்டுவதைவிடச் சிரமம். உடம்பெல்லாம் ஆணித்தலைகள், காற்றுத் துளைகள், நகரும் கதவுகள், குறுகிக்கொண்டே போகும் வால்.

முதல் விதி: சொரசொரப்பான மேட் பெயின்ட்மேல் ஒட்டக் கூடாது. அதன் நுண்ணிய மேடுபள்ளங்களில் காற்று சிக்கி, படலத்தின் ஓரம் வெள்ளி பூத்ததுபோல் மின்னும். எனவே முதலில் பளபளக்கும் கிளியர் கோட் பூசி நன்றாகக் காய விட வேண்டும். பிறகு படத்தைத் தாளோடு வெட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் நனைத்து வெளியே வைக்க வேண்டும். நீரிலேயே மிதக்கவிட்டால் பசை முழுக்கப் போய்விடும். மாடலின்மேல் மைக்ரோ செட் போன்ற திரவத்தைத் தடவி, ஈரத் தூரிகையால் படத்தை நகர்த்தி இடம்பார்த்து, மேலிருக்கும் நீரை டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும். அந்தத் திரவத்தில் வினிகர் வாடை அடிக்கும். அசெட்டிக் அமிலம்தான் காரணம்.

அதற்கு மேல் மைக்ரோ சால் வகைத் திரவம். இது படலத்தையே இளக்கும். சில நிமிடங்களில் படம் சுருங்கி, கசங்கி, பார்ப்பவர் வயிற்றைக் கலக்கும். அப்போது விரலை வைத்தால் கிழியும். சும்மா விட்டால் தானே படிந்து, ஆணித்தலை ஒவ்வொன்றையும் கவ்விக்கொள்ளும். கதவுக் கோட்டின்மேல் வரும் வட்டத்தைப் புதிய பிளேடால் அந்தக் கோட்டிலேயே கீறி, மறுபடி ஒரு சொட்டு விட வேண்டும். மறுநாள் பசைக் கறையைத் துடைத்து, மேலே மேட் கிளியர் பூசினால் ஓரம் மறையும்.

வானிலைக்கும் இதில் பங்குண்டு. கொல்லிமலை செம்மேடு மாதிரி மூடுபனி இறங்கும் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் கிளியர் அடித்தால் மேற்பரப்பு பால்போல வெளுத்துவிடலாம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றிலுள்ள நீர் அதன்மேல் படிந்துவிடுகிறது. வெயில் ஏறிய பிறகு மெல்லிய பூச்சாக அடிப்பதே வழி. அந்த வெயிலால் இன்னொரு பயனும் உண்டு. பழைய டீகால் தாளின் படலம் மஞ்சளித்திருந்தால், ஒரு கவரில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வைத்தால் மஞ்சள் குறையும்.

சூலூரின் மயில்

தொடக்கத்தில் பார்த்த சூலூரில்தான் சாரங் குழுவின் இருப்பிடம். சாரங் என்றால் மயில். துருவ் ஹெலிகாப்டர்களில் வானச் சாகசம் செய்யும் இந்த விமானப்படைக் குழு 2003-இல் பெங்களூரில் உருவானது. 2004-இல் சிங்கப்பூர் விமானக் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள்முன் பறந்தது. சிவந்த உடம்பில் பக்கத்துக்கொன்றாக மயில் தீட்டிய இந்த ஹெலிகாப்டர் டீகால் வடிவமைப்பாளருக்கு ஒரு சோதனை. தட்டையான தாளில் வரைந்த தோகை, வளைந்த உடம்பில் ஏறும்போது நீளும், திரும்பும். அதனால் மயிலைத் துண்டுகளாகப் பிரித்து, இணைப்புகள் பாக எல்லைகளில் மறையும்படி அமைக்க வேண்டும். அதற்கு இரண்டு பக்கங்களிலிருந்தும், கீழிருந்தும் தெளிவான படங்கள் தேவை.

இந்தத் தொழில் நிற்பதும் விழுவதும் அந்தப் படங்களால்தான். படைத் தளங்களுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. 1996 முதல் யலஹங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா, குடியரசு நாள் அணிவகுப்பு, 2024 அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினாவில் நடந்ததைப் போன்ற சாகச நிகழ்ச்சிகள், பேரிடர்க் காலத்தில் ஊர்மக்கள் மொட்டைமாடியிலிருந்து எடுத்த படங்கள் ஆகியவையே ஆதாரம். ஒரு பக்கப் படம் மட்டும் கிடைத்தால், மறுபக்க எண் எங்கே எழுதப்பட்டிருந்தது என்பது ஊகமாகிவிடும். நேர்மையான தயாரிப்பாளர் அதைத் தாளின் குறிப்பிலேயே சொல்லிவிடுவார்.

எனவே கிட் எதுவும் கட்டாதவர்களும் இதில் ஒரு கை கொடுக்கலாம். முன்னாள் படைவீரர்களின் வீட்டு ஆல்பங்களில், எஸ்-55 முன்னாலோ சேத்தக் ஹெலிகாப்டர் முன்னாலோ நின்று எடுத்த படங்கள் இருக்கும். தெரிந்தவர்கள் இருக்கும்போதே, அது எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்று கேட்டுப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதி வையுங்கள். ஆள் முகத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு, பின்னாலிருக்கும் எண்ணை எறிந்துவிடாதீர்கள்.