உங்களுக்குத் தெரியுமா? இரு எஞ்சின்கள் தந்த மூன்றாவது எஞ்சின்

அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் கார் பந்தய விதி எஞ்சின் கொள்ளளவை 305 கன அங்குலத்துக்குள், அதாவது ஏறத்தாழ 5 லிட்டருக்குள், வரையறுத்திருந்ததால், செவ்ரோலே நிறுவனம் தன் 327 கன அங்குல எஞ்சினின் 4 அங்குல சிலிண்டர் விட்டத்தையும், 283 கன அங்குல எஞ்சினின் 3 அங்குல வீச்சையும், அதாவது பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் தூரத்தையும், இணைத்து உருவாக்கிய 302 கன அங்குல எஞ்சினை 1967ஆம் ஆண்டு கமாரோ இசட்/28 காரில் பொருத்தியது.

இதற்கு நேர்மாறாக, கொள்ளளவைக் கூட்ட விரும்பிய மெக்கானிக்குகள், செவ்ரோலேயின் 400 கன அங்குல எஞ்சினின் 3.75 அங்குல வீச்சுள்ள கிராங்க்ஷாஃப்டை எடுத்து, பேரிங்குகளில் அமரும் அதன் மெயின் ஜர்னல்களை 2.65 அங்குலத்திலிருந்து 2.45 அங்குலமாகக் கிரைண்டிங் செய்து, சிலிண்டர்கள் 0.03 அங்குலம் பெரிதாக்கப்பட்ட 350 கன அங்குல எஞ்சின் பிளாக்கில் பொருத்தி, புகழ்பெற்ற 383 கன அங்குல எஞ்சினை அமைத்தனர்.

வீச்சு 350 எஞ்சினின் 3.48 அங்குலத்திலிருந்து 3.75 ஆக நீளும்போது பிஸ்டன் 0.135 அங்குலம் கூடுதலாக மேலேறி பிளாக்கின் மேல்தளத்தைத் தாண்டிவிடும் என்பதால், கனெக்டிங் ராடுடன் இணைக்கும் ‘பின்’ (pin) செல்லும் துளை உயர்த்தி அமைக்கப்பட்ட பிஸ்டனோ, நீளம் குறைந்த கனெக்டிங் ராடோ இன்றியமையாததாகிறது. சுழலும் பாகங்களின் எடையைச் சமன்செய்யும் பேலன்சிங்கும் தவிர்க்கக் கூடாத பணியாகும்.