நான்கு நாள் லீவுக்கு ஒரு தீவு

தொம்மலூரில் சொக்கநாத சுவாமி கோயில் உண்டு. அதில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. கடல்தான் கிடையாது! நான்கு நாள் லீவு கிடைத்தால் குடும்பத்தோடு இராமேசுவரம் போய் வரலாம்; அதுவும் தீவுதான்.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் கடலைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு ஜன்னலோரம் கொடுங்கள். விடியலில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடலாம்; மாற்றுத் துணி அவசியம்.

பிற்பகல் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் பயணிகளோடு ரயிலையும் கடல் கொண்டுபோன ஊர் அது. கூரையற்ற தேவாலயச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அரிச்சல்முனையில் நீரோட்டம் இழுக்கும். கடலில் இறங்க வேண்டாம்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் ஒரு காலத்தில் கப்பலேறியதும் தனுஷ்கோடியில்தான். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் ஒருமுறையேனும் பார்க்கவேண்டிய கரை.