நள்ளாற்றுக்குப் போகும் வழியில் ஒரு தருமபுரம்

சனிக்கிழமை காலையில் காரைக்கால் பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். வெளியூர் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "திருநள்ளாறு வண்டி எங்கே நிக்கும்?" என்பதாகத்தான் இருக்கும். நளன் குளத்தில் ஒரு முழுக்கு, சனீஸ்வரனுக்கு ஒரு எள் தீபம், வழியில் ஒரு சாப்பாடு. பொழுது சாய்வதற்குள் கும்பகோணம் பக்கமோ வேளாங்கண்ணி பக்கமோ கிளம்பிவிடுவார்கள். காரைக்காலில் இருந்து திருநள்ளாறு மேற்கே 5 கிலோமீட்டர். அந்தச் சாலையில் 2 கிலோமீட்டர் போனதும் தருமபுரம் வரும். பஸ் நிற்கும், யாராவது உள்ளூர்க்காரர் இறங்குவார், பஸ் கிளம்பிவிடும்.

இப்படி வந்த சுவடு தெரியாமல் போகிறவர்களுக்கு இத்தாலியின் வெனிஸ் நகரம் விலையே வைத்துவிட்டது. 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகும் நாட்களில், இரவு தங்காமல் பகலில் மட்டும் ஊரைப் பார்த்துவிட்டுப் போகிறவர் 5 யூரோ கட்ட வேண்டும். அடுத்த ஆண்டு, முன்கூட்டியே பதிவு செய்யாதவர்களுக்கு அதை 10 யூரோ ஆக்கினார்கள். தங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. விடுதி வாடகையோடு வேறு வரி கட்டுகிறார்கள்.

ஊரைப் பார்க்க நுழைவுச்சீட்டா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அவர்கள் கணக்கைக் கேட்டால் சிரிப்பு அடங்கிவிடும். 118 சின்னத் தீவுகளும் அவற்றுக்கு நடுவே வாய்க்கால்களுமாக இருக்கும் பழைய வெனிஸில் 1951இல் 1,70,000 பேருக்கு மேல் குடியிருந்தார்கள். 2022இல் அது 50,000க்குக் கீழே இறங்கிவிட்டது. வருகிறவர்களோ ஆண்டுக்குக் கோடிக்கணக்கில். அவர்களில் பெரும்பாலோர் புனித மாற்கு சதுக்கத்தையும் ரியால்டோ பாலத்தையும் பார்த்து, கொண்டோலாப் படகின் முன்னே ஒரு படம் எடுத்துக்கொண்டு, மாலை ரயிலுக்கு ஓடுகிறவர்கள். இரண்டு இடங்களில் தோளோடு தோள் உரசும் கூட்டம். நாலு சந்து தள்ளிப் போனால் துணி காயும் கொடியும் பூனையும் மட்டும்தான்.

திருநள்ளாற்றின் கதையும் ஏறக்குறைய இதுதான். சனிப்பெயர்ச்சி அன்று லட்சக்கணக்கில் கூடும் ஊர். 2023 டிசம்பர் 20 அன்று அந்தக் கூட்டத்தைப் பார்த்தோம். குளித்தவர்கள் கழற்றிப் போடும் பழைய துணியை அள்ளி மாளாது. வந்தவர்களில் எத்தனை பேர் பாரதியார் சாலையில் காரைக்கால் அம்மையார் கோயில் எங்கே என்று கேட்டிருப்பார்கள்?

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆலப்புழைக்கு 'கிழக்கின் வெனிஸ்' என்ற பட்டம் உண்டு. தண்ணீர் நிற்கும் வேறு சில ஊர்களும் அதைச் சூடிக்கொண்டன. காரைக்காலுக்கு அது வேண்டாம். பொருந்தவும் பொருந்தாது. வெனிஸ்காரர்கள் ஆற்றை விரட்டியவர்கள். பிரெண்டா, பியாவே, சிலே ஆகிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலில் தங்கள் காயல் தூர்ந்து நிலமாகிவிடும் என்று பயந்து, 15ஆம் நூற்றாண்டு தொடங்கி 17ஆம் நூற்றாண்டு வரை அவற்றின் போக்கையே திருப்பிவிட்டார்கள். இன்றைக்கு அவர்கள் பயப்படுவது கடலுக்கு. காயலின் மூன்று வாய்களிலும் 78 இரும்புக் கதவுகளைத் தண்ணீருக்கடியில் பதித்து, ஓதம் ஏறும்போது நிமிர்த்திவிடுகிறார்கள். 2020 அக்டோபரில் முதல் தடவை அது வேலை செய்து, சதுக்கம் நனையாமல் தப்பியது.

நாமோ ஆறு எப்போது வரும் என்று வானத்தையும் மேட்டூரையும் மாறிமாறிப் பார்க்கிற கடைமடைக்காரர்கள். நண்டலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, அரசலாறு, திருமலைராயனாறு, முடிகொண்டானாறு என்று ஏழு பெயர் சொல்லலாம். ஏழும் காவிரியின் பிள்ளைகள். 2007இல் வந்த காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு புதுச்சேரிக்கு என்று ஒதுக்கிய 7 டி.எம்.சி. காரைக்காலின் வயலுக்கானது. வெனிஸ் வாய்க்காலில் நெல் விளையாது. அந்த ஒரு வித்தியாசம் போதும், பட்டத்தை ஆலப்புழையே வைத்துக்கொள்ளட்டும்.

தருமபுரத்துக்கு வருவோம். முதலில் ஒரு எச்சரிக்கை: கைபேசி வரைபடத்தில் வெறுமனே 'தருமபுரம்' என்று தட்டினால் மயிலாடுதுறையில் ஆதீன மடம் இருக்கும் தருமபுரத்துக்குக் கொண்டுபோய் விடலாம். அது இங்கிருந்து வெகு தூரம். நம்முடையது தேவாரத் திருத்தருமபுரம், காவிரித் தென்கரைத் தலம். சுவாமி யாழ்மூரிநாதர், அம்பாள் தேனாமிர்தவல்லி.

ஊர்ப்பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறவர் தருமராசனாகிய எமன். திருக்கடையூரில் மார்க்கண்டேயன் மேல் பாசக்கயிறு வீசப்போய் உதைபட்டு, வேலையும் போய், அதைத் திரும்பக் கேட்டுத் தவம் இருந்த இடம் என்பது தலபுராணம். இதில் யாரும் கவனிக்காத ஒரு வேடிக்கை உண்டு. எமனும் சனியும் சூரியனுடைய பிள்ளைகள், தாய்தான் வேறு. தம்பிக்கு எள் விளக்கு ஏற்ற லட்சம் பேர் போகிற சாலையில், அண்ணன் தவமிருந்த ஊரில் பஸ் நின்றும் இறங்க வெளியூர் ஆள் இல்லை.

ஆனால் தருமபுரத்தின் பெருமை எமனால் அல்ல, ஒரு பாட்டால். திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராக நடந்து, அவர் பாடப் பாடத் தன் யாழில் வாசித்து வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். கூடவே அவர் மனைவி மதங்கசூளாமணியார். தருமபுரம் பாணருடைய தாயார் பிறந்த ஊர் என்கிறது பெரியபுராணம். தாய்மாமன் வீட்டுச் சனம் சும்மா இருக்குமா? 'நம்ம பிள்ளை யாழில் வாசிப்பதால்தான் சம்பந்தர் பாட்டு இவ்வளவு தூரம் பரவுகிறது' என்று பேசிவிட்டார்கள். பாணருக்கு உடம்பு கூசியது. பாட்டு யாழுக்குள் அடங்காதது என்று இவர்களுக்குக் காட்டியருள வேண்டும் என்று அவரே சம்பந்தரிடம் கேட்டார். சம்பந்தர் பாடினார். பாணர் தொடர்ந்து வாசிக்க முயன்றார், முடியவில்லை. இனி எனக்கு எதற்கு இந்தக் கருவி என்று யாழை உடைக்கப்போனவரைச் சம்பந்தர் தடுத்து, வாங்கிப் பார்த்து, கருவிக்கு எட்டுகிறவரை வாசித்தால் போதும் என்று திரும்பக் கொடுத்தார்.

அந்தப் பதிகம் முதல் திருமுறையின் கடைசிப் பதிகம், 136ஆவது. பண்ணின் பெயரே யாழ்மூரி. இன்றைய ஓதுவார்கள் அதை அடாணாவில் பாடுகிறார்கள்.

யாழில் ஏன் முடியாமல் போனது? பக்தர்கள் கேட்காத கேள்வி, இசைக்காரர்கள் கேட்கும் கேள்வி. யாழ் வில் வடிவக் கருவி. நரம்புகள் வெறுமனே கட்டப்பட்டிருக்கும். வீணையில் உள்ளது போல விரலால் அழுத்திச் சுரத்தை மாற்ற அடியில் பலகையும் மெட்டும் கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். சீறியாழுக்கு 7 நரம்பு, சகோட யாழுக்கு 14. குரல் அப்படி இல்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இடையில் இருக்கும் வெளியிலெல்லாம் அசைந்து, வழுக்கி, திரும்பிப் போகும். அந்த அசைவு மிகுந்த பாட்டை யாழில் கொண்டுவர முயன்றால் புள்ளிகள் மட்டும் மிஞ்சும், கோடு வராது. புராணம் அருள் என்று சொல்வதை, ஒரு கருவியின் எல்லையைக் கண்ட நாள் என்றும் படிக்கலாம் என்பது என் எண்ணம். பிற்பாடு யாழ் வழக்கொழிந்து வீணை மேலே வந்தது. காணாமல்போன அந்தக் கருவியைக் கணக்குப் போட்டுத் தேடிய விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது திருக்கொள்ளம்பூதூரில். அதுவும் சம்பந்தர் தலந்தான். ஓடக்காரர் இல்லாத வெள்ளத்தில் பாட்டாலேயே ஓடத்தைச் செலுத்தினார் என்று சொல்லி, தீபாவளியை ஒட்டி அங்கே இன்றும் ஓடத் திருவிழா நடத்துகிறார்கள். கொண்டோலாவுக்குச் சீட்டு வாங்க முடியாதவர்கள் அதைப் போய்ப் பார்க்கலாம்.

இத்தாலி இங்கே இன்னொரு பக்கமாகவும் நுழைகிறது. 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், முக்கியமாகக் கிரெமோனா பட்டறைகளில், உருப்பெற்ற கருவி வயலின். வெனிஸில் பிறந்த விவால்டி அநாதைப் பெண்களுக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்தார். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதை நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். மெட்டே இல்லாத அந்தக் கழுத்தில் விரல் எங்கு வேண்டுமானாலும் வழுக்கும். யாழை முரித்த பதிகத்தின் அசைவெல்லாம் இன்று வயலினில் வருகிறது. பாணர் கையில் அது இருந்திருந்தால் ஊர்ச்சனத்தின் வாயை அடைக்கச் சம்பந்தர் வேறு வழிதான் தேடியிருக்க வேண்டும்.

மற்றதைச் சுருக்கிச் சொல்கிறேன். திருநள்ளாற்றுக்கு வருகிறவர் ஓர் இரவு தங்கினால் காரைக்காலில் பார்க்க நிறைய இருக்கிறது. 1739இல் தஞ்சை அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர். 1954 நவம்பர் 1 வரை அவர்கள் ஆட்சி. அதனால்தான் இங்கே பிரான்சில் உறவுள்ள வீடுகள் ஏராளம். விடுமுறைக்கு வருகிறவர்களின் கைபேசியில் வெனிஸ் படம் இருக்கும், தருமபுரம் படம் இருக்காது. தேற்றரவு அன்னை ஆலயம், மஸ்தான் சாகிப் தர்கா, கைலாசநாதர் கோயில், எதிரே அம்மையார் கோயில் எல்லாமே நகருக்குள்தான், நடந்தே பார்த்துவிடலாம். ஆனிப் பௌர்ணமியில் வந்தால் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதிக்கு வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள், பெண்கள் முந்தானை விரித்துப் பிடிப்பார்கள். பழம் தலையில் விழும் அபாயம் உண்டு. சாயங்காலம் அரசலாறு கடலில் சேரும் முகத்துவாரம், படகுகள், கரையில் சுண்டல். வடக்கே தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர் எழுப்பிய கோட்டை, தெற்கே நாகூர்.

சுற்றுலாத் துறையும் ஒரு காரியம் செய்யலாம். 5 யூரோ வசூலிக்கத் தேவையில்லை. தருமபுரம் நிறுத்தத்தில், வெளியூர்க்காரர் கண்ணில் படும்படி ஒரு பலகை வைத்து, யாழ்மூரி பாடிய இடம் இது என்று எழுதிவைத்தாலே சிலராவது இறங்குவார்கள்.

அதுவரை நீங்களே நடத்துநரிடம் சொல்லிவையுங்கள்: "தருமபுரத்துல இறக்கி விட்டுடுங்கண்ணே." மதியம் நடை சாத்திவிடுவார்கள், முதலில் அண்ணனைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் தம்பியிடம் போங்கள்.