பூவிலேயே விலை பேசலாமா?

மாரண்டஹள்ளி வட்டாரத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் நன்கு தெரியும். தை, மாசியில் மரங்கள் பூத்து நிற்கும்போதே வியாபாரி வந்து தோப்பைச் சுற்றிப் பார்ப்பார். மரத்தில் காய் ஒன்றுகூட இராது. பூவின் அடர்த்தி, மரத்தின் வயது, சென்ற ஆண்டுக் காய்ப்பு ஆகியவற்றை மனத்திற்கொண்டு ஒரு விலை சொல்லிக் குத்தகையை முடிப்பார். அதன் பிறகு காற்றும் மழையும் தத்துப்பூச்சியும் செய்வதெல்லாம் அவர் பாடு.

விளையாட்டு உலகிலும் இத்தகைய வியாபாரம் உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் பனித்தரை ஹாக்கி ஆடும் தொழில்முறைக் குழுக்கள், 1963 முதல் ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களை ஒருவர்பின் ஒருவராகத் தேர்ந்தெடுத்து வருகின்றன. தேர்வாகிறவர்களில் பெரும்பாலோர் 18 வயதை ஒட்டியவர்கள். இதற்கு நம் நாட்டில் மிக அருகில் வருவது ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலம். பழமாவதற்கு முன் பூவை எடைபோடுவது எந்த அளவுக்கு முடியும்? இதனை நம் பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவரைக் கொண்டே ஆராய்வோம்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த இடக்கை வேகப்பந்து வீச்சாளர் த. நடராஜன். 2017 பிப்ரவரி ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 10 லட்சம் ரூபாய். பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. அந்த ஆண்டு 6 ஆட்டங்களில் அவர் வீழ்த்தியது 2 விக்கெட்டுகளே. அடுத்த ஆண்டு ஐதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது; 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஓர் ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. பிறகு 2020-இல் 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகள்! அவ்வாண்டு டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக ஆஸ்திரேலிய மண்ணில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

3 கோடி சரியான மதிப்பா, 40 லட்சம் சரியான மதிப்பா என்று கேட்பதற்கு முன், அந்த '2 விக்கெட்' என்ற எண்ணைக் கொஞ்சம் கவனிப்போம்.

கல்லூரி ஆய்வகத்தில் கைகர்-முல்லர் எண்ணியைக் கையாண்ட மாணவர்கள் அறிவார்கள்: கதிரியக்கத் துகள்களை ஒரு நிமிடம் எண்ணினால் ஒரு விடை, அடுத்த நிமிடம் எண்ணினால் வேறொரு விடை வரும். மூலப்பொருள் மாறவில்லை, எண்ணிக்கைதான் ஊசலாடுகிறது. 100 என்று எண்ணினால் அதன் வர்க்கமூலமான 10 அளவுக்கு முன்பின்னாக இருப்பது இயல்பு. எண்ணிக்கை சிறிதாக இருந்தால் ஊசலாட்டம் அதன் விகிதத்தில் மிகப் பெரிதாகிவிடும். விக்கெட்டுகளுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு விக்கெட் எடுக்கும் திறமுடையவர், 6 ஆட்டங்களில் 2 அல்லது அதற்கும் குறைவாக எடுப்பதற்கான நிகழ்தகவு, பாய்சான் சூத்திரப்படி 100-க்கு 6. அதாவது ஒரே தரமுள்ள 50 வீச்சாளர்கள் இருந்தால், அவர்களில் 3 பேருக்கு வெறும் தற்செயலால் இந்தக் கதி நேரும். இடைப்பட்ட ஆண்டுகளில் நடராஜன் தேர்ச்சி பெற்றதும் உண்மையாகவே இருக்கலாம். தற்செயல் எவ்வளவு, தேர்ச்சி எவ்வளவு என்று '2' என்ற எண்ணைக் கொண்டு பிரித்தறிய வழியில்லை என்பதே நான் சொல்ல வந்தது.

நடராஜன் ஏலத்துக்கு வந்தபோது வளர்ந்து முடிந்த இளைஞர். பள்ளிப் பருவத்துச் சிறுவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது.

என் வகுப்பு மாணவர் ஒருவர் ஒருநாள் சொன்னார்: "சார், எட்டாவது படிக்கும்போது ஒரு செலக்‌ஷனுக்குப் போனேன். உயரம் பத்தாதுன்னு ஓரமா நிற்கச் சொல்லிட்டாங்க. அதோட விளையாடறதையே விட்டுட்டேன்." இன்று எங்கள் வகுப்பில் கரும்பலகையின் மேல் விளிம்பை எட்டித் துடைப்பவர் அவர்தான். பிறந்த மாதம் டிசம்பர்.

வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 கணக்குநாள் என்றால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வரிசையில் நிற்பார்கள். ஆண்பிள்ளைகள் வேகமாக வளரும் 13, 14 வயதில் ஓராண்டு என்பது ஏறத்தாழ 9 செ.மீ. உயரம். கையும் அதற்கேற்ப நீளும். சுழலும் கையின் நுனியின் வேகம், கோணத் திசைவேகத்தையும் கையின் நீளத்தையும் பெருக்கி வருவது. 65 செ.மீ. கையும் 72 செ.மீ. கையும் ஒரே கோணத் திசைவேகத்தில் சுழன்றால், நீளக்கை நுனியின் வேகம் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் கூடுதல். தேர்வாளர் அதனைத் 'திறமை' என்று குறித்துக்கொள்கிறார்! அவன் தேர்வாகிறான், நல்ல பயிற்சி பெறுகிறான், உண்மையிலேயே முந்திவிடுகிறான்.

கனடாவின் இளம் ஹாக்கி ஆட்டக்காரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுந்திருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்ந்தோரும் 1985-இல் வெளியிட்டார்கள். 2013-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதைவிடச் சுவையானது. ராபர்ட் டீனரும் அவர் குழுவினரும் 1980 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த தேர்வுகளில் கனடா நாட்டவரின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள், பின்னாளில் அவர்கள் ஆடிக் காட்டிய தரத்துக்கு உரிய இடத்தைவிட 40 இடங்களுக்கும் மேல் பிந்தித் தேர்வாகியிருந்தார்கள். 400 ஆட்டங்கள் ஆடும் நிலையை எட்டியவர்களின் விகிதமோ, முதல் காலாண்டில் பிறந்தவர்களைப்போல் ஏறக்குறைய இருமடங்கு! பார்ன்ஸ்லியின் கட்டுரை வந்து 20 ஆண்டுகள் கழிந்தும், கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்தில் இந்தப் பிழை குறையவில்லை.

நம் நாட்டில் இந்தக் கணக்கைப் போடுவதில் ஒரு சங்கடம் உண்டு. என் சான்றிதழில் பிறந்த மாதம் மே. அம்மாவைக் கேட்டால் ராகி அறுப்புச் சமயம் என்பார். பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் குறித்த தேதிதான் என் தேதி. இப்போது பிறப்புப் பதிவு சீர்ப்பட்டுவிட்டது. எனினும் வயதைக் குறைத்துக் காட்டும் பழக்கம் விளையாட்டில் முற்றிலும் ஒழியவில்லை. அதனால் இந்தியக் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்டோருக்கு எலும்பைச் சோதிக்கும் முறையைக் கையாண்டு வருகிறது. இடது மணிக்கட்டையும் கையையும் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கிறார்கள். வளரும் எலும்பின் முனையருகே குருத்தெலும்புத் தட்டு ஒன்று உண்டு. எக்ஸ் கதிரை அது அதிகம் தடுக்காததால் படத்தில் கறுப்பு இடைவெளியாகத் தெரியும். வளர்ச்சி முடியும்போது அந்த இடைவெளி மூடிக்கொள்கிறது. டானர்-வைட்ஹவுஸ் முறையில் 13 எலும்புகளுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டுவார்கள்.

ஆனால் படம் காட்டுவது எலும்பின் முதிர்ச்சியை. பிறந்த நாளை அல்ல. ஒரே நாளில் பிறந்த இருவரின் எலும்பு வயது ஓராண்டுக்கு மேலும் வேறுபடலாம். விரைவில் முதிரும் சிறுவன், பொய்யே சொல்லாமல் சோதனையில் தவறிவிடக்கூடும். ஆண்பிள்ளைகளுக்கு 16½ வயதளவில் மதிப்பெண் உச்சத்தை எட்டிவிடுவதால், அதன் பின் இந்த அளவுகோல் பயன்படாது. என் கருத்தில் இதே படத்தை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம்: எலும்பு முதிராத, ஆனால் இன்றே ஓரளவு ஆடுகிற சிறுவன் எவன் என்று தேடலாம். இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்கள் சில, வயதைவிட்டு உடல் முதிர்ச்சியின்படி சிறுவர்களைப் பிரித்து ஆடவிட்டுப் பார்த்திருக்கின்றன. பெல்ஜியத்தில் பிந்தி வளர்பவர்களுக்கென்றே தனி அணி உண்டு.

இவற்றையெல்லாம் அந்த உயரமான மாணவரிடம் விளக்கினேன். மறு ஞாயிறு பந்துடன் வந்துவிட்டார். செல்பேசியில் நொடிக்கு 30 படங்கள் வீதம் எடுத்தோம். பந்து கையைவிட்டு மட்டையாளரை அடையும் தூரம் சுமார் 18 மீட்டர்; இடையே 20 படங்கள். கணக்கிட்டால் மணிக்கு 97 கி.மீ. அவருக்கு மகிழ்ச்சி தாளவில்லை. எண்ணியதில் ஒரு படம் கூடியிருந்தாலே விடையில் சுமார் 5 கி.மீ. குறைந்துவிடும் என்று சொல்லி, இன்னும் 30 பந்துகள் வீசச் சொன்னேன்.