பத்துப் படம், மூன்று குரல்

2025 ஜூலை 11. செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது என்ற செய்தி வந்த இரவு, தெரிந்தவர்களின் ஸ்டேட்டஸ்களில் எல்லாம் கோட்டைதான். எனக்கு மட்டும் மூன்று புகைப்பட வீடியோக்கள் வந்து சேர்ந்தன. அனுப்பியவர்கள் வேறு வேறு ஆட்கள். படங்கள் கிட்டத்தட்ட ஒன்றே. ராஜகிரி உச்சி, கல்யாண மகால், யானைக்குளம், நெற்களஞ்சியம், கிருஷ்ணகிரிப் படிக்கட்டு, வேங்கடரமணர் கோயில், செட்டிக்குளம்.

முதல் வீடியோவில் முரசு அதிர்ந்தது. கனத்த ஆண்குரல் ஒன்று சத்ரபதி சிவாஜியின் பெயரைச் சொல்லச் சொல்ல, மதில் சுவர் திரையில் பெரிதாகிக்கொண்டே வந்தது. இரண்டாவதில் பழைய சினிமாப் பாட்டு. அதன்மேல் தேசிங்கு ராஜன் கதை எழுத்தாக ஓடியது. மூன்றாவதில் பேச்சே இல்லை, புல்லாங்குழல் மட்டும். கடைசியில், விடுமுறைக்குக் குடும்பத்தோடு வரலாம் என்று ஒரு வரி. மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதலாவதில் செஞ்சி ஒரு பாசறை. இரண்டாவதில் ஒரு நடுகல். மூன்றாவதில் காற்று வாங்க ஒரு மலை. கண்ணுக்கு முன்னால் அதே கல். காதில் விழுந்ததுதான் வேறு.

கைப்பேசிப் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்க எனக்கு மனமில்லை. கல்யாண மண்டபத்துத் திரையிலும், காரிய வீட்டிலும், பள்ளி ஆண்டு விழாவிலும் படங்களை வரிசையாக ஓடவிட்டுத்தான் இன்று நாம் ஒரு வாழ்க்கையைச் சொல்கிறோம். ஊர் வரலாறும் நம் பிள்ளைகளுக்கு இப்படித்தான் போய்ச் சேர்கிறது. எந்தப் பாட்டு, யார் குரல் என்று முடிவு செய்கிறவர், அந்தப் படங்களுக்கு என்ன பொருள் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறார்.

ஒரே தெரு, மூன்று விளக்கம்

இதை வெளிச்சம் போட்டுக் காட்டியவர் பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர். 1957-இல் அவர் எடுத்த ‘சைபீரியாவிலிருந்து ஒரு கடிதம்’ என்ற ஆவணப்படத்தில், யாகுட்ஸ்க் நகரத்துத் தெரு ஒன்று வரும். ஒரு பேருந்து போகும், ஒரு கார் போகும், தொழிலாளர்கள் சாலை வேலை செய்துகொண்டிருப்பார்கள். அவ்வளவுதான் காட்சி. அதையே மூன்று முறை ஓட்டினார். முதல் முறை பின்னணிக் குரல் சோவியத் ஆட்சியை வாயாரப் புகழ்ந்தது. இரண்டாம் முறை அதே ஆட்சியைத் தூற்றியது. மூன்றாம் முறை பட்டும் படாமலும் பேசியது. மூன்று முறையும் பார்ப்பவருக்கு அந்தக் குரல் சொன்னதுதான் கண்ணில் பட்டது. அதே தொழிலாளி ஒரு முறை உற்சாகமாகவும் மறுமுறை வாடிப்போயும் தெரிந்தார்.

படத்தோடு வரும் சொல்லை நங்கூரம் என்றார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த், 1964-இல் எழுதிய கட்டுரையில். நல்ல உவமை. ஒரு படம் பல அர்த்தங்களோடு மிதந்துகொண்டிருக்கும். சொல் வந்து அதை ஓரிடத்தில் நிறுத்திவிடும்.

செஞ்சியிலேயே இதற்கு ஒரு சாட்சி நிற்கிறது. கோட்டைக்குள் சக்கரக்குளத்துக்கு அருகே பெரிய பாறை ஒன்று; நடுவில் இயற்கையாக அமைந்த குழி; மேலே செங்கல் சுவர். இதற்கு மக்கள் வைத்த பெயர் ‘கைதிக் கிணறு’. மரண தண்டனை பெற்றவர்களை உள்ளே தள்ளிப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்பது கதை. பெயரைச் சொல்லாமல் படத்தை மட்டும் நீட்டினால் ‘தண்ணீர்த் தொட்டியா?’ என்று கேட்பார்கள். பெயரைச் சொன்ன கணமே முகம் மாறும். குழியின் இருட்டு இன்னும் கொஞ்சம் இருண்டு தெரியும்.

சொல்லால் நன்மையும் உண்டு. புதுச்சேரி கடற்கரைக்குப் போகிற எல்லோரும் காந்தி சிலை முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்கள் எல்லாப் படத்திலும் விழுந்திருக்கும். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனவை. ஆயிரம் படம் எடுத்தாலும் அந்தத் தூண் தன் ஊர் பெயரைச் சொல்லாது. பக்கத்தில் நின்று ஒருவர் சொன்னால்தான் உண்டு. படத்தால் சொல்ல முடியாததைச் சொல்வதே குரலின் வேலை. தெரிகிற மதிலையே ‘இதோ பிரம்மாண்டமான மதில்’ என்று கூவுவதற்குக் குரல் எதற்கு?

பாட்டு யாரை நினைவில் வைத்தது?

செஞ்சியைப் போலக் கை மாறிய கோட்டைகள் தமிழ்நாட்டில் குறைவு. ஆனந்தக் கோன் என்ற கோனார் தலைவர் தொடங்கியதாக ஊர் மரபு சொல்லும். பிறகு விஜயநகரத்தின் கீழ் செஞ்சி நாயக்கர்கள். 1649-இல் பிஜப்பூர் சுல்தானின் படை. 1677-இல் சிவாஜி. 1698-இல் முகலாயர். 1750-இல் பிரெஞ்சுக்காரர். 1761-இல் ஆங்கிலேயர். இவ்வளவு பேர் வந்து போன ஊரில், ‘செஞ்சி’ என்றால் நம் வாயில் வருவது யார் பெயர்? தேசிங்கு ராஜன்.

தேசிங்கு ஆண்டது ஓர் ஆண்டுகூட இல்லை. முகலாயர் நியமித்த கோட்டைத் தலைவரான ராஜபுத்திரர் சொரூப் சிங்கின் மகன் அவர். கப்ப பாக்கி விவகாரத்தில் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி, 1714-இல் போர்க்களத்தில் இறந்தார். வயது இருபதைத் தாண்டிச் சில ஆண்டுகள்தான். அரசாங்கக் கணக்கில் பார்த்தால் இது ஒரு வரித் தகராறு. ஆனால் கதைப்பாடல் அதைக் கையில் எடுத்தது. வானில் பறக்கும் பாராசாரிக் குதிரையைத் தந்தது. கல்யாணக் கோலத்தில் இருந்த இஸ்லாமியத் தோழன் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு நண்பனுக்காகச் சாகப் புறப்பட்டதைப் பாடியது. சிங்கவரத்துக் குகைக் கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதர், ‘இன்று போருக்குப் போகாதே’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதைச் சொல்லிக் கேட்பவரை அழவைத்தது. 1960-இல் எம்.ஜி.ஆர் நடித்து சினிமாவாகவும் வந்தது.

மறுபக்கம், நாயக்கர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இங்கே ஆண்டவர்கள். இன்று நாம் படமெடுக்கும் மதில், களஞ்சியம், கோயில் பலவற்றில் அவர்கள் காலத்துக் கைவண்ணம் உண்டு. 1597-இல் கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமெண்டா, லிஸ்பனை விட்டால் போர்ச்சுகலில் எந்த நகரமும் இதற்கு ஈடில்லை என்று எழுதிவைத்தார். ஆனால் கிருஷ்ணப்ப நாயக்கருக்கு ஊர் ஊராகப் போய்ப் பாட ஒரு பாட்டு வாய்க்கவில்லை. கட்டியவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பாட்டு கிடைத்தவர் பெயர் நாவில் இருக்கிறது. புகைப்படம் பிறப்பதற்கு முன்பே குரலும் இசையும் சேர்ந்து செஞ்சிக்கு ஒரு முகத்தைத் தீர்மானித்துவிட்டன. நம் ஸ்டேட்டஸ் வீடியோக்கள் அந்த வேலையைத்தான் தொடர்கின்றன.

தலைப்பும் ஒரு குரல்தான்

யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி தனியாக இடம்பெறவில்லை. ‘இந்தியாவின் மராத்தா இராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பின் கீழ் வரும் 12 கோட்டைகளில் அதுவும் ஒன்று. மற்ற 11 கோட்டைகளும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. அந்தத் தலைப்பு பொய் இல்லை. 1689-இல் ராய்கட்டிலிருந்து தப்பி வந்த சிவாஜியின் மகன் ராஜாராம், முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டுக் கிடந்தபோது இங்கிருந்துதான் மராத்திய அரசை நடத்தினார். செஞ்சி தாக்குப்பிடித்திராவிட்டால் அந்த அரசு பிழைத்திருக்குமா என்பது நியாயமான கேள்வி.

ஆனாலும் 1677 முதல் 1698 வரை 21 ஆண்டுகள் என்பது செஞ்சியின் நீண்ட கதையில் ஓர் அத்தியாயம். தலைப்பு ஒன்றே ஆனதும், முதல் வீடியோவில் நாயக்கர் களஞ்சியமும் முரசுச் சத்தத்தில் இராணுவக் கிடங்காகிவிட்டது. வேங்கடரமணர் கோயில் இரண்டே நொடியில் ஓடி மறைந்தது. சாதத்துல்லா கானின் பள்ளிவாசல் வரவே இல்லை. வீடியோ செய்த தம்பியிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. பாட்டின் தாளத்துக்குப் பொருந்தாததை வெட்டியிருப்பார், அவ்வளவே. இசையைத் தேர்ந்தெடுத்த பிறகு படத்தை வெட்டினால், வரலாற்றை வெட்டுவது இசைதான்.

ராகத்துக்கு வயதில்லை

இசை சத்தமில்லாமல் வேலை செய்யும். குரல் ஒன்றைச் சொன்னால் ‘அப்படியா?’ என்று எதிர்க்கேள்வி கேட்கலாம். புல்லாங்குழலோடு யார் வாதாட முடியும்? முன்பெல்லாம் தலைவர் ஒருவர் மறைந்தால் வானொலி பாட்டுகளை நிறுத்திவிட்டு வாத்திய இசையை மட்டும் ஒலிபரப்பும். செய்தி வருவதற்கு முன்பே வீட்டில் பெரியவர்கள் ‘யாருக்கோ என்னமோ ஆயிடுச்சு’ என்பார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி கென் பர்ன்ஸ் 1990-இல் தந்த தொலைக்காட்சித் தொடர் பெரும்பாலும் பழைய புகைப்படங்களால் ஆனது. அசையாப் படத்தின்மேல் கேமரா மெல்ல நகரும். வீரர்களின் கடிதங்களை யாரோ வாசிப்பார்கள். பின்னால் ஒரு வயலின் உருகும். அந்த மெட்டு 1860-களின் மெட்டு என்றே பலரும் நம்பினார்கள். உண்மையில் ஜே அங்கர் என்பவர் 1982-இல், ஒரு கோடைக்கால இசை முகாம் முடிந்து எல்லோரும் பிரிந்த ஏக்கத்தில் அமைத்தது. அந்த ஏக்கம் 120 ஆண்டு பழைய படங்களின்மேல் போய் உட்கார்ந்து, அவற்றுக்குச் சொந்தமானதுபோல் ஆகிவிட்டது. இன்று கைப்பேசிச் செயலிகளில் படம் தானாக நகர்ந்து பெரிதாகிறதே, அந்த உத்திக்கே கென் பர்ன்ஸ் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

படம் காட்டிக் கதை சொல்வது நம் மண்ணுக்கும் பழக்கமானதே. மராத்தியரிடம் சித்ரகதி என்றொரு கலை உண்டு. காகிதத்தில் வரைந்த படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, வாத்தியத்தோடு பாடிக் கதை சொல்வார்கள். நம் திருவிழாக்களில் பயாஸ்கோப் பெட்டிக்காரர் பாடிக்கொண்டே படத்தைச் சுழற்றினார். 1931-இல் பேசும்படம் வரும்வரை, மௌனப்படக் கொட்டகையில் திரையோரம் நின்று கதை சொல்ல ஓர் ஆள் இருந்தார். இவர்களிடம் இருந்த ஒன்று நம் வீடியோக்களில் இல்லை. கதை சொல்கிறவர் கண்ணெதிரே நின்றார். ‘நீ சொல்றது தப்பு’ என்று கூட்டத்திலிருந்து ஒருவர் குரல் கொடுக்க முடிந்தது. முகம் தெரியாத குரலிடமும், செயலி தந்த இசையிடமும் அதைச் செய்ய முடியாது. அதனால்தான் செய்கிறவரின் பொறுப்பு கூடுகிறது.

செட்டிக்குளக் கரையில்

அந்த மூன்று வீடியோக்களும் மனதை விட்டுப் போகாததால், சில வாரங்கள் கழித்து விடியற்காலையில் கோட்டைக்குப் போனேன். பத்தே படம் எடுப்பது, ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்தின் சத்தத்தையே பதிவு செய்வது என்று முடிவு. திருவண்ணாமலைச் சாலையில் போகும் பேருந்தின் ஹார்ன், ராஜகிரிப் படியில் குரங்குகளின் கீச்சு, உச்சியில் காற்று.

தேசிங்கின் உடலை எரித்ததாகவும், அவர் மனைவி உடன்கட்டை ஏறியதாகவும் சொல்லப்படும் செட்டிக்குளத்தின் கரையில் ஓர் அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

“படம் புடிக்கிறியா தம்பி?”

“ஆமாம்மா. குளத்தைத்தான்.”

“கொளத்த மட்டும் புடிச்சா என்னா தெரியும்? இங்கதான் ராணி தீயில எறங்குனாங்க. அவங்க பேருலதான் ராணிப்பேட்டைய கட்டுனாரு நவாப்பு. கொன்னவனே கோயில் கட்டுற மாதிரி.”

சொல்லிவிட்டு, ஆட்டை ‘ஹேய்’ என்று அதட்டினார். அனுமதி கேட்டு அந்தக் குரலைப் பதிவு செய்துகொண்டேன். முரசும் இல்லை, சோக ராகமும் இல்லை. நடுவில் ஆட்டின் கழுத்துமணி மட்டும் கேட்கிறது.

வீட்டில் பத்துப் படத்தையும் ஓட்டினேன். ஒரு படத்துக்கு ஆறு நொடி. கண் மூலை முடுக்கெல்லாம் போய்வர அவ்வளவு நேரம் வேண்டும். செட்டிக்குளத்துக்கு அந்த அம்மாவின் குரல். கைதிக் கிணற்றுக்கு, ‘மக்கள் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று ஒரே வாக்கியம். பள்ளிவாசலுக்குக் கட்டிய ஆண்டும் கட்டியவர் பெயரும். நெற்களஞ்சியத்துக்கு மட்டும் பாட்டும் வைக்கவில்லை, பேச்சும் வைக்கவில்லை. உள்ளே நான் நடந்த காலடிச் சத்தம், அது உயரமான சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி. அவ்வளவுதான்.

முந்தைய மூன்று வீடியோக்களையும் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போன என் அக்கா மகள், எதிரொலி அடங்கும்வரை திரையையே பார்த்தாள்.

“மாமா, இவ்ளோ பெருசா இதைக் கட்டினது யாரு?”

கிருஷ்ணப்ப நாயக்கர் கதையை நான் அன்றைக்குத்தான் அவளிடம் தொடங்கினேன்.