திருவையாற்றுச் சந்நிதியும் நாகரத்தினம்மாளின் தலைமையும்

புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமியன்று காலையில், திருவையாற்றுத் திருமஞ்சன வீதியிலுள்ள தியாகராஜ சுவாமிகளின் இல்லத்திலிருந்து உஞ்சவிருத்தி பஜனையாகப் புறப்படும் பாகவதர்கள் காவிரிக்கரைச் சமாதியை வந்தடையும் வேளையில், அங்கே பந்தலுக்குள் பேர்பெற்ற வித்வான்களும், பாடம் முடிக்காத மாணவர்களும், எங்கிருந்தோ ரயிலேறி வந்த ரசிகர்களும் எதிரெதிர் வரிசைகளாக நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். புல்லாங்குழலில் பைரவி ராகக் கீர்த்தனை ஒன்று ஒலித்து அடங்கியதும், நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் சுவாமிகள் இயற்றிய பஞ்சரத்தின கீர்த்தனைகள், நூற்றுக்கணக்கான குரல்களால் ஒரே கானமாகப் பாடப்படுகின்றன.

இத்தனை பேரையும் நடத்திச் செல்ல எவரும் எழுந்து நின்று கையசைப்பதில்லை என்பதுதான் அந்தக் காட்சியில் என்னை மிகவும் கவர்ந்த அம்சம். ஐந்தும் ஆதி தாளம். ஒவ்வொரு சரணத்தையும் முதலில் ஸ்வரமாகப் பாடி, பிறகு அதே மெட்டில் சாகித்தியத்தைப் பாடி, மீண்டும் எடுத்த வரிக்குத் திரும்ப வேண்டும். ஆரபியில் சரணங்கள் அடுத்தடுத்து வரும்போது பின்வரிசைப் பிள்ளைகளில் சிலர் தடம் தவறுவதுண்டு. அவர்கள் வாயை மூடிக்கொண்டு, முன்வரிசையில் பெரியவர் ஒருவரின் கை தொடையின்மேல் விழுகிற தட்டையும் விரல் எண்ணிக்கையையும் கவனித்திருந்து, எல்லாரும் பழைய வரிக்குத் திரும்பும் இடத்தில் தாமும் ஒட்டிக்கொள்வார்கள். அந்தப் பெரியவர் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. தம் தாளத்தைப் பிசகாமல் போடுகிறார், அவ்வளவே.

பார்ப்பவருக்கு இயல்பாகத் தோன்றும் இந்த ஒற்றுமை எளிதில் கிடைத்ததன்று. 1847ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி, சந்நியாசம் ஏற்ற நிலையில் சுவாமிகள் சித்தியடைந்தபின், அவருடைய சமாதி பல்லாண்டுகள் பேணுவாரின்றிக் கிடந்தது. 1903இல் அவருடைய சிஷ்யர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வந்து அதைச் செப்பனிட்டார்கள். அதன்பின் அவர் சித்தியடைந்த பஞ்சமியை ஒட்டி அங்கே நடக்கும் ஆராதனை ஆண்டுதோறும் வளர்ந்தது. உடன் பிணக்கும் வளர்ந்தது. அதை நடத்தியவர்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரண்டாகப் பிரிந்து, ஒரு கட்சியின் உற்சவம் பஞ்சமியன்று நிறைவுற, மற்றதன் உற்சவம் அன்றுதான் தொடங்கும் என்கிற விபரீத நிலை ஏற்பட்டது. பெயரும் புகழும் பொருளும் துறந்து வாழ்ந்த ஒரு பக்தரின் பெயரால், யார் முதல்வர் என்ற சச்சரவு நடந்ததை எண்ணும்போது மனம் வருந்துகிறது. இரு கட்சியினரும் பெண்களைப் பாட விடவில்லை.

இந்தச் சூழ்நிலையில்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள் அங்கே வந்து சேர்ந்தார். 1878இல் மைசூர்ச் சீமையைச் சேர்ந்த நஞ்சன்கூட்டில் தேவதாசி மரபில் பிறந்து, சென்னையில் கச்சேரிகளால் பெரும் கீர்த்தியும் திரவியமும் ஈட்டிய அவர், தெலுங்கிலும் சம்ஸ்கிருதத்திலும் தேர்ந்த கல்வி உடையவர். முத்துப்பழனி என்ற பெண்கவியின் காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்ததன் பொருட்டு அரசாங்கத்தின் தடையையும் சமூகத்தின் ஏச்சையும் எதிர்கொண்டவர். சமாதியின் சீரழிந்த நிலையைக் குறித்துத் தம் குருநாதர் பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய கடிதத்தைக் கண்டு திருவையாறு சென்ற அவர், தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு நிலம் வாங்கி, 1921இல் அஸ்திவாரமிட்டு, இன்று நாம் காணும் சந்நிதியை எழுப்பி, 1926 ஜனவரியில் கும்பாபிஷேகம் நடத்தினார்.

கோயில் எழுப்பியவருக்கே அதன் முன்னே பாட அனுமதி இல்லை! இந்த மறுப்பைத் தம் ஒருவருக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாக மட்டும் அவர் எண்ணியிருந்தால், விலக்காகத் தமக்கொரு நேரம் கேட்டுப் பெற்றுக்கொண்டு ஓய்ந்திருக்கலாம். அவரோ பெண் கலைஞர்களைத் திரட்டி, 1927 முதல் சந்நிதியின் பின்புறத்திலேயே மூன்றாவதாக ஓர் உற்சவத்தைத் தொடங்கி, ஆண்டுக்காண்டு தளராமல் நடத்தினார். பெண்கள் கட்சி என்று ஊரார் அதைச் சொன்னார்கள். தமக்கு வேண்டிய உரிமையைத் தம்மைப் போன்ற அனைவருக்கும் சேர்த்தே கேட்டதும், கேட்டுக்கொண்டிருக்கும் காலத்தில் காரியத்தை நிறுத்தாமல் இருந்ததுமே தலைமைக்குரிய முதல் லட்சணம் என்று நான் கருதுகிறேன்.

ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1940ஆம் ஆண்டில் ஐ.சி.எஸ். அதிகாரியான எஸ். ஒய். கிருஷ்ணசாமி, முசிறி சுப்பிரமணிய ஐயர் முதலியோர் மேற்கொண்ட சமாதான முயற்சிகளின் பயனாக மூன்று கட்சிகளும் ஒன்றுபட்டன. அடுத்த ஆண்டு முதல் பெண்களும் சந்நிதியில் பாடினார்கள். பஞ்சரத்தினங்களைச் சேர்ந்து பாடும் முறை நிலைபெற்றதும் அந்தச் சமயத்தில்தான். சேர்ந்து பாடுவது என்பது சாமானியமான விஷயமன்று: ஒவ்வொரு குரு பரம்பரைக்கும் ஒரு பாடாந்தரம் உண்டு, தம் குருநாதரிடம் கேட்டுக் கேட்டு மெருகேற்றிய சங்கதிகளைப் பெரிய வித்வான் ஒருவர் அந்தப் பொழுதுக்கு ஒதுக்கி வைத்து, பத்தாவது வரிசைச் சிறுமி பாடுவதையே தாமும் பாட இசைய வேண்டும். மேடையில் தனித்துக் கீர்த்தி பெற்றவர்களுக்கு இதைவிடக் கடினமான பயிற்சி வேறு இருக்குமா என்பது ஐயமே.

ஸ்ரீ ராகத்துக் கீர்த்தனையில் சுவாமிகள் எல்லா மகாநுபாவர்களையும் பெயர் சுட்டியும் சுட்டாமலும் வணங்குகிறார். தஞ்சை அரசவையின் அழைப்பை அவர் மறுத்தாரென்பதும் வழிவழியாக வரும் செய்தி. அத்தகையவரின் சந்நிதியில் ஒற்றுமைக்குப் பிறகும் மனக்கசப்புகள் எழாமலில்லை. 1946இல் பாடகர் தண்டபாணி தேசிகர் அங்கே தமிழ்ப் பாடல் பாடியது பெரும் சர்ச்சையாக மூண்டது. பெண்களுக்குக் கதவு திறந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த ஓர் இடத்தில், ஒரு மொழிக்குக் கதவடைக்க எண்ணியவர்கள் இருந்தார்கள் என்பதை மறைத்துப் பேசுவதால் ஆராதனைக்குப் பெருமை சேர்ந்துவிடாது.

நாகரத்தினம்மாள் தம் இறுதிக்காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்து, 1952 மே மாதம் காலமானார். சுவாமிகளின் சமாதியை நோக்கிக் கைகூப்பி அமர்ந்த அவருடைய சிலை அங்கே இருக்கிறது. ஆனால் அவருடைய தீர்க்கதரிசனத்தை அறிய விரும்புவோர் சிலையைவிட அவர் 1949இல் எழுதிய உயிலையே கருத வேண்டும். தம் ஆஸ்திகளை ஒரு டிரஸ்டிடம் ஒப்படைத்த அவர், தேவதாசிகள் உள்ளிட்ட பெண்களுக்கு அந்தச் சந்நிதியில் வழிபடவும் பாடவும் உள்ள உரிமை தடையின்றி நடைபெற வேண்டும் என்று அதில் வகை செய்தார். அப்போது பெண்கள் அங்கே எட்டாண்டுகளாகப் பாடி வந்தார்கள். ஆட்சேபிப்பவர்களின் குரலும் ஏறக்குறைய அடங்கிவிட்டிருந்தது. இருந்தும், மனிதர்களின் நல்லெண்ணத்தால் கிடைத்த ஒன்றை அந்த நல்லெண்ணத்தின் பொறுப்பிலேயே விட்டுவிட்டுப் போக அவர் சம்மதிக்கவில்லை. பத்திரத்தில் எழுதி, பதிவு செய்து, தமக்குப் பின்வரும் பெண்கள் எவரிடமும் கெஞ்சி நிற்க வேண்டாதபடி செய்துவிட்டுத்தான் போனார்.