சருகு வண்டும் தமிழ் விவரணமும்

வடகீழ்ப் பருவமழையின் பின், கிளிவெட்டியை அடுத்த காட்டோரங்களிற் சருகு நனைந்து கிடக்கும். அதனைச் சல்லடையில் அரித்து வெள்ளைத் துணியிற் கொட்டினால், மணலோடு மணலாய் ஊரும் ஓரிரு மில்லிமீற்றர் நீள வண்டுகளைக் காணலாம். அவற்றுள் ஒன்று அறிவியலுக்குப் புதியது என எவ்வாறு நிறுவப்படுகிறது? எம்மொழியில் நிறுவலாம்? இரண்டாவது வினா தமிழாய்வாளராகிய நமக்கும் உரியது.

செயன்முறை எளிது. இத்தாலியரான பெர்லேசே 1905இல் அறிமுகஞ்செய்த புனலின் வலைமேற் சருகை இடுவர். அது மேலிருந்து காய்ந்துவர, ஈரம் தேடிக் கீழிறங்கும் உயிர்கள் மதுசாரக் குப்பியில் வீழும். புறத்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பனவற்றை ஆணின் இனப்பெருக்க உறுப்பு பெரும்பாலும் வேறுபடுத்திக் காட்டும். எனவே அதனைப் பிரித்தெடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்குவர். கடினமானது இதன் பின்னரே வருகிறது. முன்னர் பெயரிடப்பட்டவற்றின் மூலமாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். அவையோ பெரும்பாலும் ஐரோப்பிய நூதனசாலைகளில் உள்ளன.

அவை அங்கு சென்றமை தற்செயலன்று. 1850களில் இலங்கையின் நுண்வண்டுகள் பலவற்றை விவரித்த ஜோன் நீட்னர், றம்பொடையிற் கோப்பித் தோட்டம் நடத்திய ஜேர்மானியர். கோப்பி மரத்தின் பகைவர் பற்றி 1861இல் நூலெழுதியவரும் அவரே. தென்னிந்தியத் தொழிலாளரின் உழைப்பில் நிலைத்த அதே தோட்டப் பொருளாதாரமே அவருக்கு ஓய்வையும் ஆய்பொருளையும் அளித்தது. எனினும் அவர் உயிருள்ள வண்டைக் கண்டு எழுதினார். இலண்டனில் இருந்தவாறே இலங்கைப் பூச்சிகளுக்குப் பெயரிட்ட பிரான்சிஸ் வோக்கரின் சுருங்கிய குறிப்புகளோ பின்வந்தோர்க்குப் பெருஞ்சுமையாயின. அவர் இட்ட பெயர்கள் பல, முன்பே பெயர்பெற்ற இனங்களுக்குரியனவெனக் கண்டு நீக்கப்பட்டன.

இத்தகைய குழப்பங்களைக் கட்டுப்படுத்துவது சர்வதேச விலங்கியற் பெயரிடல் விதிக்கோவை. 1930இன் பின் வெளியாகும் பெயருக்கு, ஏனையவற்றினின்றும் வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களாற் கூறும் விவரணம் வேண்டும், அல்லது முன்னர் வெளியான அத்தகைய விவரணமொன்றைச் சுட்டவேண்டும். படம் மட்டும் போதாது. 1999இன் பின் வரும் புதிய இனப்பெயருக்கு மூலமாதிரி எதுவென்பதையும், அது எங்கு வைக்கப்படும் என்பதையும் குறிப்பிட வேண்டும். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை அவ்விடமாக இருப்பதற்குத் தடையில்லை.

பெயர் இலத்தீன் எழுத்தில் அமைதல் கட்டாயம். விவரணத்தின் மொழிக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. ஜெனீவா நூதனசாலையினரான பெசூசேயும் லோபிளும் 1970இல் இலங்கையில் வண்டுகள் சேகரித்தனர்; அடுத்த ஆண்டு லோபிள் வெளியிட்ட ஆய்வு ஜேர்மன் மொழியிலானது. அது செல்லுமெனின் தமிழும் செல்லும். சர்வதேச அளவிற் பரவலான மொழியில் விவரணம் தருமாறு பரிந்துரைக்கும் அக்கோவை, அவ்வுயிர் வாழும் பிரதேசத்தின் மொழிகளிலும் அது தரப்படவேண்டும் எனக் கூறுவது மனங்கொள்ளத்தக்கது. கிளிவெட்டி வண்டுக்கு அம்மொழிகளுள் ஒன்று தமிழ்.

‘முன்மார்புத் தட்டு நீளத்தினும் அகலம் மிக்கது, அதன் குழிகள் நெருங்கியவை, உணர்கொம்பின் இறுதி மூன்று கணுக்களும் பருத்தவை’ என்றெழுத நம்மொழிக்கு வலுவுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிற் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது உடலுறுப்புகள் அத்தனைக்கும் சொற்கண்டார். இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. இலங்கைப் பாடநூல்களில் ‘சாதி’, ‘இனம்’ எனப்படுபவை தமிழகத்திற் ‘பேரினம்’, ‘சிற்றினம்’ ஆகின்றன. (இவ்விரு சொற்களும் நம் சமூகத்தில் வேறு பொருளில் ஏற்படுத்திய அழிவைப் பற்றி வண்டு எதுவும் அறியாது.) இங்கு ‘இனம்’ என்றெழுதியதை அங்குள்ளவர் பேரினமென மயங்கவும் கூடும். விலங்கியலாரும் தமிழறிஞரும் ஒரு மேசையில் அமர்ந்து இதனைத் தீர்க்க வேண்டும். அதுவரை, தமிழ் விவரணம் எழுதுவோர் தாம் எவ்வழக்கைக் கையாள்கின்றனர் என்பதை முதல் வரியிலேயே குறிப்பிடுவது நன்று.